பலகை போதாது, பதவி வேண்டும்!

ஏறாவூர் தொடங்கி வாவிக்கரை நெடுகிலும் உள்ள இடைநிலைப் பாடசாலைகளுக்கு ஒருமுறை சென்று பாருங்கள். அதிபரின் அலுவலகத்துக்கு அப்பால், நூலகத்துக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் இடையில், ஏதோவொரு கதவின்மேல் ‘ஆலோசனை வழிகாட்டற் பிரிவு’ என்று எழுதிய பலகை தொங்கும். கதவைத் திறந்தால் உள்ளே கால் முறிந்த கதிரைகள், கிரிக்கெட் மட்டைகள், சென்ற வருடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய சோடனைகள். எல்லாப் பாடசாலைகளும் இவ்வாறே உள்ளன என்று கூறும் அநியாயத்தை நான் செய்யமாட்டேன். தம் சொந்தப் பணத்தில் திரைச்சீலை வாங்கித் தொங்கவிட்டு, மேசை துடைத்து, பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் ஆசிரியைகளையும் நான் அறிவேன். ஆனால் அது அவர்களுடைய தருமம், அரசாங்கத்தின் கடமையன்று. மேலதிகாரிகள் பரிசோதனைக்கு வரும்போது காட்டுவதற்குப் பலகை போதும். அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு அது போதுமா?

சில காலத்துக்கு முன் நீதவான் நீதிமன்றமொன்றிலே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்காகத் தோன்றினேன். ‘ஐஸ்’ எனப்படும் நச்சுப்பொருட் பொதியொன்று அவனுடைய புத்தகப் பைக்குள் அகப்பட்டிருந்தது. தாய் குவைத்திலே பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். தகப்பன் விடியுமுன் தொழிலுக்குப் போய் இருட்டிய பின் வருபவன். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் உண்டு என்பதே அவ்வரி. அந்த ஒரு வரியினால் அரசாங்கம் தன் பொறுப்பிலிருந்து கையைக் கழுவிக்கொண்டது. அந்த ஆசிரியையைத் தேடிப்போனேன். “வாரத்துக்கு 30 பாடவேளை கணிதம் எனக்கு, சேர். அந்தப் பிள்ளை இரண்டு தடவை வந்து வகுப்பு வாசலில் நின்றான். ‘பிறகு வா மகன்’ என்று சொன்னேன். பிறகு அவன் வரவில்லை” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு மனம் வரவில்லை. கூண்டில் ஏற்றப்படவேண்டியவர் அவரல்லர்.

எவரை ஏற்றுவது? அதைத்தான் இங்கு ஆராய விரும்புகிறேன்.

1945 ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது. அதற்கு முன் எமது மாவட்டத்திலே பாடசாலை நடத்தியவர் யார்? 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பிலே வந்திறங்கிய காலந்தொட்டு மெதடிஸ்த சபையார் நடத்தினர். பின்னர் யேசு சபைத் துறவிகள் நடத்தினர். சுவாமி விபுலானந்தர் தோள்கொடுத்து வளர்த்த இராமகிருஷ்ண மிஷன் நடத்தியது. அப்பாடசாலைகளிலே துறவிகள் வளவுக்குள்ளேயே வாழ்ந்தனர். எந்தப் பிள்ளை பட்டினியோடு வந்திருக்கிறான், எவனுடைய தகப்பன் குடிகாரன், எவன் இரவில் விடுதிக் கட்டிலில் விழித்துக் கிடக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கென அவர்கள் திறைசேரியிடம் தனி வேதனம் கேட்டதில்லை.

கையேற்றமை தவறென்று நான் கூறவரவில்லை. சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் எழுத்தறிவுக்காகத் தம் நம்பிக்கையை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உட்செல்லவேண்டியிருந்த காலமும் ஒன்றுண்டு. அதனை முடிவுக்குக் கொண்டுவந்தமை நல்லதே. ஆனால், கட்டிடத்தைக் கையேற்றவர், காணியைக் கையேற்றவர், ஆசிரியரைக் கையேற்றவர், பிள்ளையின் மனத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் யாரிடம் கொடுத்தார்? எவரிடமும் கொடுக்கவில்லை. ஆதனம் அரசாங்கத்துக்கு, கடன் ஊருக்கு! சட்டம் படித்த எவரும் அறிவர், ஆதனத்தை ஏற்பவன் அதனோடு ஒட்டிய கடப்பாட்டையும் ஏற்கவேண்டும் என்பது நியாயத்தின் அரிச்சுவடி.

பின்னர் பிரம்பும் போயிற்று. பாடசாலையில் உடற் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆசிரியரின் அடியால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்ட வழக்கிலே, அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு கை கூப்பி வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆயினும் ஆசிரியரின் கையிலிருந்து பிரம்பை வாங்கிய அரசாங்கம், பதிலுக்கு அக்கையிலே எதனைக் கொடுத்தது? நாற்பது பிள்ளைகளுள் ஒருவன் மேசையைக் குத்துகிறான்; ஒருத்தி மூன்று நாளாகப் பேசவில்லை. அடிக்கக் கூடாது. சரி. கேட்பதற்கு ஆள் எங்கே?

இந்த வெற்றிடத்தைக் கண்டு மனம் வருந்தும் பெரியோர் சிலர் பள்ளிவாசல் முன்றலிலும், கோயில் வீதியிலும், சங்கக் கூட்டங்களிலும் ஒரு யோசனை சொல்கிறார்கள். “ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மௌலவியை, ஒரு குருக்களை, ஒரு பாதிரியாரை இருத்துவோம், அரசாங்கம் சம்பளம் கொடுக்கட்டும், பிள்ளைகள் தாமாகத் திருந்துவார்கள்” என்பது அவர்களது வாதம். நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் யோசனையாதலால் இதற்கு ஏளனம் பதிலாகாது. நானும் அதிகாலையில் குர்ஆன் மதரஸாவுக்கு ஓடியவன்; ஓதிக் கொடுத்தவரின் கைச்சூடு இன்றும் என் தலையில் இருக்கிறது. சமயத்துக்கு நான் பகைவனல்லன். ஆயினும் இந்த யோசனையை முழு மூச்சோடு எதிர்க்கிறேன்.

முதலாவதாக, சமயம் பாடசாலைக்கு வெளியே நிற்கவில்லை. சைவநெறியும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் கத்தோலிக்கமும் பௌத்தமும் இந்நாட்டில் ஏற்கெனவே பாடங்கள். பிள்ளை தன் சமயத்தைக் கற்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் அதற்கு விடை எழுதுகிறது. கற்பிக்கும் ஆசிரியருக்கு அரசாங்கமே வேதனம் கொடுக்கிறது. இத்தனையும் இருக்கும்போதுதான் அந்தச் சிறுவனின் பைக்குள் பொதி போயிற்று. ஆகவே குறை சமயப் போதனையில் இல்லை.

இரண்டாவதாக, எந்தப் பிள்ளைக்கு ஆலோசகர் மிகவும் தேவை? தன் வீட்டாரிடமும் தன் ஊராரிடமும் சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சிலே வைத்திருக்கும் பிள்ளைக்கு. மாமன் முறையான ஒருவன் தொட்டதை, பதினாறு வயதிலே கலியாணம் பேசுவதை, செத்துவிடலாம் என்று தோன்றுவதை அப்பிள்ளை எவரிடம் சொல்லும்? வெள்ளிக்கிழமை தன் தகப்பனோடு ஒரே வரிசையில் நிற்பவரிடமா? திருவிழாவிலே தன் மாமனுக்குப் பரிவட்டம் கட்டுபவரிடமா? அவர் உத்தமராகவே இருக்கட்டும். அவர் ஊருக்கு உறவினர். பிள்ளைக்கு வேண்டியவரோ தொழிலால் வாய் கட்டப்பட்ட ஓர் அந்நியர்.

மூன்றாவது காரணம் எமது மண்ணிலிருந்தே வருவது. 1990 ஆம் ஆண்டை ஏறாவூர் மறக்குமா? ஓகஸ்ட் 11 ஆம் நாள் இரவு விடிந்து 12 ஆம் நாளாவதற்குள் விடுதலைப் புலிகள் எமது முஸ்லிம் குடியிருப்புகளுட் புகுந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர், கைக்குழந்தைகளும் தப்பவில்லை. அடுத்த மாதம் 5 ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவிலே தஞ்சமடைந்திருந்த 158 தமிழர்களை இராணுவத்தினர் கொண்டுபோயினர்; அவர்கள் திரும்பவில்லை. 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் 180 க்கு மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஒரு மாத காலம், ஒரே வீதி, இரு சமூகத்தின் பிணங்கள். அன்று பாயின் கீழ் ஒளிந்திருந்த பிள்ளைகளே இன்று பெற்றோர். அவர்களுடைய பயம் அவர்களுடைய பிள்ளைகளின் சோற்றிலே கலந்திருக்கிறது. போதாக்குறைக்கு 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஒரு கொடியவன் குண்டை வெடிக்கவைத்தான். ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் மாண்டனர். அதன்பின் எமது முஸ்லிம் பிள்ளைகள் பேருந்திலே தம்மைப் பார்க்கும் கண்களைப் பார்த்து வளர்ந்தார்கள். இப்படிப்பட்ட மண்ணிலே பிள்ளையின் புண்ணுக்கு மருந்திட, அவனவன் சமயத்தவரை மட்டுமே அவனவனுக்கு அனுப்பினால் புண் ஆறுமா, வேலி உயருமா?

வேலி போதிய அளவுக்கு உயர்ந்துதான் இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காத்தான்குடியையும் ஏறாவூரையும் ஓட்டமாவடியையும் ஒன்றாகக் கட்டி ‘மட்டக்களப்பு மத்தி’ என்றொரு கல்வி வலயம் இருக்கிறது. நிலத்தொடர்பு கிடையாது, இடையிலுள்ள தமிழ்க் கிராமங்களின் பாடசாலைகள் வேறு வலயங்களுக்குரியவை. இதற்கு வரலாற்று நியாயங்கள் உண்டு. பயந்த மக்கள் தமக்கென ஒரு நிருவாகத்தை வேண்டினர். அதனை இங்கு வழக்காட வரவில்லை. ஆயினும் ஆசிரியரும் வேறு, அதிகாரியும் வேறு, ஆலோசகரும் வேறு என்றாகிவிட்டால், செங்கலடிப் பிள்ளையும் ஏறாவூர்ப் பிள்ளையும் ஒரே மொழியிலே அழுகிறார்கள் என்பதை அறிந்தவர் எவருமே மிஞ்சமாட்டார். தகைமை பெற்ற ஓர் ஆலோசகர் இரு பக்கத்துக்கும் செல்லலாம். சமயகுரு செல்ல முடியாது. அவரது பதவியின் பெயரே அவரைத் தடுக்கிறது.

இங்கே வண. யூஜின் ஹேபர்ட் அடிகளாரை நினைக்கிறேன். அமெரிக்காவின் லூசியானாவிலே பிறந்த யேசு சபைத் துறவி. மட்டக்களப்பின் இளைஞருக்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்தவர். தொழினுட்பக் கல்வி நிலையம் நடத்தியவர். ஏறாவூர்க் கொலைகள் நடந்த மூன்றாம் நாள், 1990 ஓகஸ்ட் 15 அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தம்மோடு வந்த தமிழ் இளைஞரோடு காணாமற் போனார். இன்றுவரை எலும்பும் கிடைக்கவில்லை. “பார்த்தீர்களா, இத்தகைய குருமாரைத்தானே நாமும் கேட்கிறோம்” என்பர் சிலர். அன்பர்களே, அவர் அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தாரா? இராணுவத்திடமும் இயக்கத்திடமும் முகத்துக்கு முகம் பேசத்தக்க சுதந்திரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? திறைசேரியின் பணத்துக்குக் கைநீட்டும் குருவானவர் திறைசேரியின் ஊழியர். அவருக்கு இடமாற்றம் உண்டு, மேலதிகாரி உண்டு, மந்திரியின் சிபார்சுக் கடிதம் உண்டு. மௌலவி ஆசிரியர் நியமனத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் தூண்டிற்புழுவாகத் தொங்கவிட்ட கதையை எம்மவர் அறியாரா? குருமாரின் மதிப்பைக் காக்க விரும்புவோர் அவர்களை அந்த வரிசையிலே கொண்டுபோய் நிறுத்தமாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மைத் தானத்தைக் கொடுத்து, அதனைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. 2003 ஆம் ஆண்டிலே மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியாஸ்திரீகள் சபையைக் கூட்டிணைக்கும் மசோதா உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சமயத்தைப் பரப்புவதும் பொருளுதவி செய்வதும் ஒரே சபையின் நோக்கங்களாகச் சேர்ந்திருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றும், அது 9 ஆம் உறுப்புரையைப் பாதிக்கும் என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2005 இல் அம்முடிவைக் கண்டித்ததென்பது உண்மை. ஆனால் ஜெனீவாவின் கருத்து கொழும்பிலே தீர்ப்பாவதில்லை. இதனை ஏன் சொல்கிறேன்? சமயகுருமாருக்கான அரசாங்கத் திட்டமொன்று கொழும்பிலே வரையப்படுமாயின், பணம் முதலிலே 9 ஆம் உறுப்புரை சுட்டும் திசையில் ஓடும். எமது மௌலவிமாருக்கும் குருக்கள்மாருக்கும் பாதிரிமாருக்கும் அடிச்சட்டியில் ஒட்டியது கிடைக்கும். அதற்கும் யாரேனும் ஒருவர் வழக்கு வைப்பார். அயல் நாடான இந்தியாவிலே இந்தச் சிக்கலே எழாது: முற்றாக அரச பணத்தால் நடத்தப்படும் கல்வி நிலையத்திலே சமயபோதனை கூடாதென்று அந்நாட்டு அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிட்டது. எமக்கு அப்படிப்பட்ட கதவு இல்லை. இல்லாத வீட்டிலே நாமே திருடனை விருந்துக்கு அழைப்பது அறிவுடைமையாகுமா?

இது கற்பனைப் பயமன்று. எம்மவர் ஆயிரக்கணக்கிற் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவிலே இந்த நாடகம் முழுவதும் ஆடப்பட்டிருக்கிறது. ஜோன் ஹவார்டின் அரசாங்கம் 2007 இல் பாடசாலைகளுக்குச் சமயகுருமாரை வைக்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. குவீன்ஸ்லாந்து மாநிலத்து ரூவூம்பா நகரிலே, தம் பிள்ளைகள் படித்த அரசாங்கப் பாடசாலையில் அவ்வாறு ஒருவர் இருப்பதை எதிர்த்து றொன் வில்லியம்ஸ் என்ற தந்தை வழக்குத் தொடுத்தார். அந்நாட்டு அரசியலமைப்பின் 116 ஆம் பிரிவு, பொதுநலவாய அரசின்கீழ் எந்தப் பதவிக்கும் சமயத்தைத் தகைமையாக விதிக்கக் கூடாதென்கிறது. 2012 யூன் 20 ஆம் நாள் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சமயகுரு அந்த அரசின் பதவியாளர் அல்லர் என்று 116 ஆம் பிரிவு வாதத்தைத் தள்ளியது. ஆயினும் பாராளுமன்றச் சட்டத்தின் ஆதாரமின்றி மந்திரிசபை தன்னிச்சையாகப் பணத்தை அள்ளிக் கொடுக்க முடியாதென்று கூறித் திட்டத்தின் அடித்தளத்தையே இடித்தது. அரசாங்கம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. வில்லியம்ஸ் மீண்டும் போனார். 2014 யூன் 19 இல் மீண்டும் வென்றார்; இத்திட்டம் ‘மாணவர்க்கான நலன்’ என்ற வரைவிலக்கணத்துள் அடங்காதென்றது மன்றம். பின்னர் பணம் மாநில அரசாங்கங்களின் வழியாகச் சுற்றி வந்தது.

இதிலே நகைப்புக்கிடமான ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குருமார் பிள்ளைகளைத் தம் சமயத்துக்கு இழுக்கக் கூடாதென்று விதி செய்தார்கள். சமயம் பேசக் கூடாத சமயகுரு! அப்படியானால் அவர் செய்யவேண்டியது என்ன? பிள்ளையின் துயரைக் கேட்பது. அதற்கு வேண்டியது கேட்கப் பயின்ற ஒருவர்தானே? சமயம் சாராத நலப் பணியாளரையும் பாடசாலை தெரிவு செய்யலாமென்று 2011 இல் ஒரு பிரதமர் அனுமதித்தார். 2014 இல் இன்னொரு பிரதமர் அதனைப் பறித்தார். 2023 இல் மீண்டும் கொடுக்கப்பட்டது. பதினாறு வருடம்! அங்கியா தகைமையா என்று பெரியவர்கள் மன்றேறியிருந்த அக்காலத்திலே ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிற் சேர்ந்து பாடசாலையை விட்டே வெளியேறியிருக்கும். செல்வம் படைத்த நாடு, தாங்கிக்கொண்டது. நாம் அந்தப் பதினாறு வருடத்துக்கு எங்கே போவது?

குருமாருக்கும் ஆலோசகருக்கும் பொதுவான இன்னொரு குறையைச் சட்டத்தரணி என்ற முறையிற் சொல்லியாகவேண்டும். எமது சான்றுக் கட்டளைச் சட்டம் கணவன் மனைவியரிடைப் பேச்சைக் காக்கிறது. கட்சிக்காரன் சட்டத்தரணியிடம் சொன்னதைக் காக்கிறது. பிள்ளை ஆலோசனை ஆசிரியரிடம் சொன்னதைக் காக்க அதிலே ஒரு வரி கிடையாது. குருவிடம் சொன்னதற்கும் கிடையாது. களவெடுத்து அகப்பட்டவன் என்னிடம் சொல்வது இரகசியம். வன்கொடுமைக்கு உள்ளான சிறுமி தன் ஆசிரியையிடம் சொல்வது இரகசியமன்று! எதனை மறைக்கலாம், எதனைச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்பதை வரையறுக்கும் சட்டம் வேண்டும். அவ்வாறான சட்டத்தை ஒரு பதவியைச் சுற்றித்தான் கட்டலாம். மேலதிகப் பொறுப்பாகச் சுமத்தப்பட்ட கணித ஆசிரியையைச் சுற்றிக் கட்ட முடியாது.

‘பணம் எங்கே?’ என்ற ஒப்பாரி இனித் தொடங்கும். 2022 இலே நாடு வங்குரோத்தானதையும், 2023 இலே சர்வதேச நாணய நிதியத்தின் கைவிரலைப் பிடித்து நடக்கத் தொடங்கியதையும் நான் மறுக்கவில்லை. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பாதுகாப்புச் செலவு முடிந்ததா? 2012 இலே பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கொடு என்று வீதியில் இறங்கினார்கள். கிட்டிய தூரத்துக்கும் எந்த அரசாங்கமும் போகவில்லை. அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் 250 மாணவர்க்கு ஒருவர் வேண்டுமென்கிறது. அவ்வளவு நாம் கேட்கவில்லை. இடைநிலைப் பாடசாலை ஒன்றுக்கு ஒருவர். சிறிய பாடசாலைகளாயின் இரண்டுக்கு ஒருவர். ஆள் இல்லையா? 2017 இலே மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் எமது பட்டதாரிகள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்களே! 2020 இலே பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் அவர்களுட் பலரைப் பாடசாலைகளுக்கே அனுப்பினார்கள். செய்யத் திட்டமான தொழிலின்றி அலுவலக மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாதா மாதம் வேதனம் போகிறது. பொருத்தமானவரைத் தெரிந்து, இரண்டு வருடம் முறையாகப் பயிற்றி, அந்தப் பலகை தொங்கும் அறையிலே அமர்த்துவதற்குப் புதிதாகக் கொட்டவேண்டிய பணம் எவ்வளவு? மனம் இருந்தால் திறைசேரி கண்டுபிடிக்கும்.

இந்த வேலையை எமது மாவட்டத்திலே செய்ய முடியாதென்று எவரும் சொல்ல முடியாது. ஏனெனில் செய்து காட்டப்பட்டது. 1996 இலே, போர் உச்சத்தில் இருந்த நாளிலே, வண. போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் வேறு நண்பர்களும் மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடக்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே வளவில் மண் குழைத்தார்கள், கதை சொன்னார்கள், கூத்தாடினார்கள். அடிகளார் துறவிதான், ஆனால் அவர் அங்கே பயன்படுத்தியது உளவளத்துறையிற் பெற்ற பயிற்சியை. சுனாமிக்குப் பின்னர் நடந்ததும் எமக்குப் பாடமாகவேண்டும். 2004 டிசெம்பர் 26 க்கு அடுத்த மாதங்களிலே வெளிநாட்டு நிறுவனங்கள் வந்திறங்கின. மூன்று நாட் பயிற்சியோடு ஆலோசகர்கள் உருவானார்கள். பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். பணம் வற்றியது, வாகனங்கள் போயின. வரைந்த படங்கள் எங்கோ ஓர் அறிக்கையின் அட்டையில் இருக்கின்றன. பிள்ளையின் மனத்தைப் பிறர் தருமத்திலே விட்டால் இதுதான் கதி. வருடாந்த வரவு செலவுத் திட்டத்திலே ஒரு தலைப்பும், ஆளணியிலே ஓர் எண்ணும் இருந்தாலொழிய எதுவும் நிலைக்காது.

அரசாங்கம் நினைத்தால் உயிரைக் காக்க முடியும் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1995 ஆம் ஆண்டளவிலே தற்கொலையில் இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. மிகக் கொடிய பீடைகொல்லிகளின் இறக்குமதியை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. அதன்பின் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. அது உபதேசத்தால் நடந்ததன்று. வர்த்தமானி அறிவித்தலால் நடந்தது. அதே அரசாங்கம் நஞ்சைத் தேடும் மனத்தை மட்டும் ஏன் கைவிட்டது?

கல்வி மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயமென்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் சொல்கிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் வருடக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரின் கையில் மாகாணம் விடப்பட்டது. தேசிய பாடசாலைக்கு ஆலோசகர் கேட்டால் ‘இசுறுபாயவைக் கேள்’ என்பார்கள். மாகாணப் பாடசாலைக்குக் கேட்டால் ‘திருகோணமலையைக் கேள்’ என்பார்கள். திருகோணமலை ‘ஆளணிக்குத் திறைசேரியின் அனுமதி இல்லை’ என்று எழுதும். இந்தப் பந்தாட்டத்திலே பிள்ளைதான் பந்து. எமது மாகாணத்து ஆளணியை எமது மாகாணமே தீர்மானிக்கும் அதிகாரம் இருந்திருப்பின், இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது. தமிழ் பேசும் மக்களின் சுயாட்சிக் கோரிக்கையைக் கொடியும் கோஷமுமாக மட்டும் காண்போருக்கு இதனைச் சொல்லிவைக்கிறேன்.

தமிழ் பேசும் பெற்றோரே! பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே வாத்தியக் குழுவுக்கு உடுப்புத் தைப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவீர்கள். பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஆலோசகர் என்ற பெயரில் இருப்பவருக்கு வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று அதிபரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அந்த அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று கேளுங்கள். பெண்பிள்ளைகளிடம் பேசப் பெண்ணொருவர் உண்டா, அவருக்குத் தமிழ் சரளமா, சொன்னதை அதிபரிடம் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவரா என்று கேளுங்கள். மௌலவிமாரும் குருக்கள்மாரும் பாதிரிமாரும் இந்தக் கோரிக்கையில் முன்னணியில் நிற்கவேண்டும் என்றே வேண்டுகிறேன். பதவி கேட்பவராகவல்ல, பிள்ளைக்காக வாதாடுபவராக.

பின்னர் எமது மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் வருவோம். அவர்கள் எக்கட்சியினர் என்பது எமக்குப் பொருளன்று. வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்திலே கல்வி அமைச்சின் வாக்குப்பணம் எடுக்கப்படும் நாள் ஒன்று உண்டு. அன்று எழுந்து, முழுநேரப் பாடசாலை ஆலோசகர் பதவிக்குக் கிழக்கு மாகாணத்திலே எத்தனை ஆளணி, எந்தத் திகதிக்குள், எந்தத் தலைப்பின்கீழ் என்ற மூன்று கேள்விகளைக் கேட்பவர் யார், அந்த நேரத்திலே சிற்றுண்டிச்சாலையில் இருப்பவர் யார் என்பதை ஹன்சாட் அச்சேற்றும். அந்தப் பக்கத்தை வாசிப்பதற்கு நாமும் காத்திருக்கிறோம்.